நிக்கல் முலாம் பூசிய கூட்டை அக்லி தோளுக்கு ஊத முடியுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டெக்சஸில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் .280 அக்லி இம்ப்ரூவ்ட் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறார். மான் வேட்டைக்குப் போகும் நண்பர் ஒருவர், நிக்கல் முலாம் பூசிய வெற்றுத் தோட்டாக்கூடுகள் மூன்று பை கொடுத்திருக்கிறார். ஒரு பையில் .280 ரெமிங்டன், இன்னொன்றில் .270 வின்செஸ்டர், மூன்றாவதில் .30-06. இவற்றைத் தன் துப்பாக்கியில் சுட்டு வடிவமாக்கிக்கொள்ளலாமா என்பது கேள்வி. ரேஞ்சில், அதாவது சுடும் திடலில், ஒருவர், "நிக்கல் பக்கமே போகாதே, வெடித்துக் கையில் வரும்" என்றாராம். இன்னொருவர், "இருபது வருஷமாகச் சுடுகிறேன், ஒன்றும் ஆனதில்லை" என்றாராம். யார் சொல்வது சரி?

தம்பி, இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் பேசுவது வேறு வேறு பையைப் பற்றி. உங்கள் மூன்று பைகளுக்கும் மூன்று பதில் இருக்கிறது. நிக்கல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் வராது. உலோகத்தை எவ்வளவு தூரம், எந்தத் திசையில் நகர்த்தப் போகிறீர்கள் என்று கேட்டால் உடனே வரும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவதெல்லாம் அமெரிக்காவில், தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்புகிறவருக்கு. ஊரில் இருந்து படிப்பவர்கள் இதைத் தொட வேண்டாம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். வெடிமருந்து அளவு எதையும் நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு அச்சிட்ட கையேடுகள் இருக்கின்றன, அவற்றை மட்டும் பாருங்கள்.

பெயர்களில் இருந்து தொடங்கலாம். தோட்டாக்கூட்டின் பாகங்களுக்குத் தமிழில் பெயர் தேடித் தவிக்க வேண்டியதில்லை, பித்தளைக் குடத்துக்குச் சொல்வதுதான்: வாய், கழுத்து, தோள், உடம்பு, அடி. பிரைமர், அதாவது மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, உட்கார்கிற அடிப்பகுதியை வெள்ளைக்காரர் 'தலை' என்பார்கள். குடத்தைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார்கள் போல. நான் அடி என்றே எழுதுகிறேன்.

'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை, என்றால் எந்தத் தொழிற்சாலையும் தயாரிக்காத தோட்டா. ஏற்கெனவே இருக்கும் ஒரு கூட்டின் கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, தோளை நகர்த்தியோ யாரோ ஒருவர் தன் பட்டறையில் செய்தது. இன்று கடையில் பெட்டி பெட்டியாக விற்கும் பல தோட்டாக்கள் இப்படிப் பிறந்தவைதான். .25-06-ஐ நைட்னர் என்ற துப்பாக்கிக் கம்மியர் 1920 வாக்கிலேயே செய்துவிட்டார், ரெமிங்டன் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது 1969-ல். .22-250 முப்பதுகளில் இருந்தே சுற்றிக்கொண்டிருந்தது, கம்பெனி முத்திரை விழுந்தது 1965-ல். உங்கள் .280 அக்லியும் அப்படித்தான். அதன் தாய் 1957-ல் வந்த .280 ரெமிங்டன். நாஸ்லர் நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் அக்லி வடிவத்தைத் தரநிர்ணய அமைப்பில் பதிவு செய்த பிறகு, கறாராகச் சொன்னால் அது காட்டுப்பூனையே இல்லை, வீட்டுப்பூனைதான். (அந்த அமைப்பின் SAAMI என்ற சுருக்கப் பெயரைச் சுடுகிறவர்கள் உச்சரிப்பது நம் காதில் 'சாமி' என்றுதான் விழும். சாமி சொன்ன அளவு, சாமி சொன்ன அழுத்தம் என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.)

பி. ஓ. அக்லி 1903-ல் பிறந்து 1989-ல் இறந்தவர். கொலராடோவின் டிரினிடாட் நகரக் கல்லூரியில் துப்பாக்கித் தொழில் கற்றுக்கொடுத்தார். அவர் செய்தது எளிய வேலை. கூட்டின் உடம்பு அடியிலிருந்து தோள்வரை கூம்பிக்கொண்டே போகும் அல்லவா, அந்தக் கூம்பலைக் குறைத்தார். சரிவாக இருந்த தோளை 40 பாகைக்கு நிமிர்த்தினார். உள்ளே இடம் கொஞ்சம் கூடியது. இதில் சாமர்த்தியம் எங்கே என்றால், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையை இந்த வடிவத்துக்கு வெட்டிவிட்டால், தாய்த் தோட்டாவை அப்படியே அதில் போட்டுச் சுடலாம். பித்தளை வெடிப்பின் அழுத்தத்தில் உப்பி அறையின் சுவரில் போய் ஒட்டி, புதிய வடிவத்தில் வெளியே வரும். சுட்டு வடிவமாக்குவது, சுருக்கமாக ஊதுவது, என்பது இதுதான். துப்பாக்கியின் அறையே அச்சு.

எவ்வளவு உப்புகிறது? இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. .280 ரெமிங்டனின் தோள் விட்டம் 0.441 அங்குலம். அக்லி வடிவத்தில் 0.454. வித்தியாசம் அங்குலத்தில் ஆயிரத்தில் 13 பங்கு, அதாவது சுற்றளவில் சுமார் 3 சதவீத நீட்சி. அவ்வளவுதான். பார்வைக்குத் தோள் அடையாளமே தெரியாமல் மாறியிருக்கும், ஆனால் உலோகம் நகர்ந்தது 3 சதவீதம். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உலோகத்துக்கு வருகிறேன். என் தொழில் இதுதான், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டாக்கூட்டின் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவை தற்செயலாக வந்ததல்ல. நன்றாக வாட்டி மிருதுவாக்கிய நிலையில் இதை 60 சதவீதத்துக்கும் மேல் இழுத்தாலும் அறுந்து போகாது. தட்டையான வில்லையைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தைக் குழாயாக்கி இழுத்துக்கொண்டே போகலாம். ஆனால் ஒவ்வொரு இழுப்பிலும் அது இறுகும். கும்பகோணத்தில் பாத்திரம் அடிக்கும் கன்னார் வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்க அடிக்க முறுக்கேறும், முறுக்கேறியதை மறுபடி உலையில் காட்டினால் இளகும், காட்டாமல் அடித்தால் விரிசல் விடும். தோட்டாத் தொழிற்சாலையிலும் அதே கதைதான். கடைசியில் கழுத்தையும் தோளையும் மட்டும் வாட்டி மிருதுவாக விட்டு, அடியை வேண்டுமென்றே இறுக்கமாக வைப்பார்கள். அடி இளகினால் பிரைமர் குழி விரிந்து காஸ் பின்னால் வரும். அதனால் எந்தக் காரணத்துக்காகவும் அடியைச் சூடாக்கக் கூடாது.

இறுகிய பித்தளையைப் பற்றி நம் மண்ணிலேயே நடந்த ஒரு கதை உண்டு. பிரிட்டிஷ் இந்தியப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே கீறல் விட ஆரம்பித்தன. யாரும் சுடவில்லை, கீழே போடவில்லை, பெட்டியில் இருந்தபடியே வெடிப்பு. பருவத்தோடு வந்ததால் அதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வைத்தார்கள். தோட்டாக்களை வைத்திருந்தது குதிரை லாயங்களில். குதிரை மூத்திரத்தில் இருந்து கிளம்பும் அம்மோனியா, மழைக்கால ஈரம், கூட்டின் சுவரில் இழுத்த காலத்திலிருந்தே தேங்கிக் கிடந்த இறுக்கம், மூன்றும் சேர்ந்து வேலை காட்டியிருக்கின்றன. 1921-ல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவர் இதை விளக்கினார்கள். பரிகாரமும் எளிமையானதுதான், மெல்ல வாட்டி உள்ளே தேங்கிய இறுக்கத்தைத் தளர்த்திவிடுவது. இன்றும் ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு சாயல் தெரியும், பார்த்திருப்பீர்கள். வாட்டிய தடம் அது. கடைத் தோட்டாவில் அதை மெருகேற்றித் துடைத்துவிடுவார்கள். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலீஷ் போட்டுக் கூடுகளைத் துடைக்காதீர்கள் என்று பெரியவர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரி, நிக்கல். முதலில் அதை ஏன் பூசினார்கள்? தோல் இடைவாரில் வரிசையாகத் தோட்டா செருகி வைக்கும் பழக்கம் இருந்தது. தோல் பதனிடும் பொருளும் வியர்வையும் சேர்ந்தால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும், தோட்டா அறைக்குள் போகாது. நிக்கல் அந்தக் களிம்பை அண்டவிடாது. போலீஸ்காரர்களின் ரிவால்வர் தோட்டாக்கள் வெள்ளி நிறத்தில் இருந்தது அதற்காகத்தான். வழுக்கலாக அறைக்குள் போகும், வழுக்கலாக வெளியே வரும், இருட்டில் பளிச்சென்று தெரியும். ஒரு முறை நிரப்பி, மாதக்கணக்கில் சுமந்து, ஒரு முறை சுடுவதற்கு இதைவிட நல்ல கூடு கிடையாது. பத்து முறை நிரப்பிச் சுடுவதற்காக யாரும் அதைப் பூசவில்லை.

நிக்கல் நொறுங்கும் உலோகம் என்று ரேஞ்சில் சொல்வார்கள். அது தவறு. வாட்டிய தூய நிக்கல் தகடு பித்தளையைப் போலவே நன்றாக இழுபடும். நொறுங்குவது மின்முலாமாகப் படிந்த நிக்கல், அதிலும் கண்ணாடிபோல் பளபளக்கிற வகை. அந்தப் பளபளப்பு சும்மா வருவதில்லை. முலாம் தொட்டியில் கந்தகம் அடங்கிய கரிமச் சேர்மங்களைக் கலந்தால்தான் வரும். அவை படிவின் மணிகளை மிக நுண்ணியதாக ஆக்கும். படிவு இறுகும், பளபளக்கும், இழுபடும் தன்மை சில சதவீதத்துக்கு இறங்கிவிடும். இந்தச் சேர்மங்கள் இல்லாத மங்கல் நிக்கல் படிவு இதைவிடப் பல மடங்கு இழுபடும். ஆக, கூடு முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கிறதா, அல்லது எவர்சில்வர் தட்டு பழசானதுபோல் மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைச்சாலை இல்லாமலே முதல் தகவல் கிடைத்துவிடும்.

இப்போது அந்த 3 சதவீதத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். முலாமுக்குக் கீழே இருக்கும் மிருதுவான பித்தளைக்கு 3 சதவீதம் ஒரு பொருட்டே அல்ல. மேலே உள்ள முலாமுக்கு அது விளிம்பு. அதனால்தான் ஒருவர் கூடுகள் ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வருகின்றன, இன்னொருவர் கூடுகளில் தோள் மூலையைச் சுற்றி மயிரிழைக் கோடுகள் விழுகின்றன. இருவரும் பொய் சொல்லவில்லை.

பித்தளையின் இறுக்கத்தை வாட்டி எடுத்துவிடலாம் என்றேன். நிக்கலுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. கழுத்தை வாட்டுகிறவர்கள் சில நொடிகளுக்கு 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொண்டுபோவார்கள், பித்தளைக்கு அது போதும். நிக்கல் உருகுவதே 1,455 டிகிரியில். அதை மிருதுவாக்கும் அளவு சூடு கொடுத்தால் கீழே இருக்கும் பித்தளை அளவுக்கு மேல் இளகிவிடும். அதைவிட மோசம், கந்தகம் கலந்த பளபள நிக்கல் சூடேறும்போது அந்தக் கந்தகம் மணிகளின் எல்லைகளில் போய்ச் சேரும். முன்பைவிட அதிகமாக நொறுங்கும். இன்னொரு தொல்லையும் உண்டு. மஞ்சள் கூட்டை வாட்டும்போது நிறம் மாறுவதைக் கண்ணால் பார்த்து நிறுத்தலாம், வெள்ளைக் கூட்டில் அந்த அடையாளம் தெரியாது. நான் நிக்கல் கூடுகளை வாட்டுவதே இல்லை.

இனி உங்கள் பைகள்.

முதல் பை, .280 ரெமிங்டன். இவற்றை ஊதலாம். தாய்க் கூடு, 3 சதவீத நீட்சி, கழுத்தைத் தொடவே வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தை முதலில் சோதியுங்கள். அக்லி அறையை ஒழுங்காக வெட்டியிருந்தால் தாய்த் தோட்டாவைப் போட்டுப் போல்ட்டை, அதாவது அறையைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் தண்டை, மூடும்போது கடைசியில் ஒரு மெல்லிய இறுக்கம் கைக்குத் தெரிய வேண்டும். கழுத்தும் தோளும் சேரும் அந்த வளையத்தில் கூடு அறையோடு 0.004 அங்குலம் அளவுக்கு நசுங்கி உட்கார வேண்டும் என்பதுதான் அக்லி காலத்திலிருந்து வரும் கணக்கு. அந்த நசுங்கல்தான் கூட்டைப் போல்ட்டின் முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. போல்ட் வெண்ணெயில் கத்தி போவதுபோல் மூடினால் நிறுத்திவிட்டுத் துப்பாக்கிக் கம்மியரிடம் போங்கள். அதற்குப் பிறகு நிக்கலா பித்தளையா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சுட்டு வடிவமாக்குவதில் உண்மையான ஆபத்து முலாமில் இல்லை, இந்த இடைவெளியில் இருக்கிறது. கூட்டுக்கு முன்னால் இடம் இருந்தால் சுத்தி ஊசி அடித்த வேகத்தில் கூடு முன்னால் தள்ளப்படும். அழுத்தம் ஏறும்போது மெல்லிய முன்சுவர் அறையோடு ஒட்டிக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி ஒட்டாது, அது பின்னால் போல்ட்டை நோக்கி ஓடும். முன்பாதி பிடித்துக்கொள்ள, பின்பாதி இழுக்க, நடுவில் அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். ஒரு முறை தாங்கும், இரண்டு முறை தாங்கும், பிறகு கூடு இரண்டாகப் பிரியும். பிரிந்தால் பின்னால் வருவது பல பத்தாயிரம் பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் உள்ள காஸ். .280 ரெமிங்டனுக்கு அனுமதித்த உச்சம் 60,000, அக்லிக்கு 65,000. கண்ணாடி போடாமல் சுடுகிறவர்களோடு நான் பக்கத்து மேசையில்கூட உட்காருவதில்லை.

இரண்டாம் பை, .270 வின்செஸ்டர். இதில்தான் "வெடித்து வரும்" என்று சொன்னவரின் அனுபவம் இருக்கிறது. பார்க்க .270 கூடும் .280 கூடும் இரட்டைப் பிள்ளைகள். நீளம் இரண்டுக்கும் 2.540 அங்குலம். ஆனால் .280-ஐ .270 துப்பாக்கியில் யாரும் தவறிப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக ரெமிங்டன் அதன் தோளைச் சுமார் 0.05 அங்குலம் முன்னால் தள்ளி வைத்தது. ஆகவே .270 கூட்டை உங்கள் அறையில் போட்டால் முன்னால் 0.05 அங்குலம் வெற்றிடம். அறையின் நீளத்தைச் சோதிக்க, .30-06 குடும்பத்துக்கு உள்ள 'போகலாம்' அளவுகோலுக்கும் 'போகக் கூடாது' அளவுகோலுக்கும் உள்ள வித்தியாசமே 0.006 தான். எட்டு மடங்கு! கழுத்தை மட்டும் லேசாக விரித்துச் சுட்டால் மேலே சொன்ன பிரிவுக்கு நீங்களே பத்திரிகை அடித்துக் கூப்பிட்டதுபோல் ஆகும்.

மஞ்சள் பித்தளையில் இதற்கு ஒரு பழைய உபாயம் இருக்கிறது, பொய்த்தோள். கழுத்தை .308 அங்குல அளவுக்கு விரித்துவிட்டு, வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, .280-இன் குண்டு விட்டமான .284-க்குச் சுருக்கிக்கொண்டே வருவார்கள். போல்ட் இறுக்கமாக மூடும் இடத்தில் நிறுத்தினால் கழுத்தின் நடுவில் சின்னதாக இரண்டாவது தோள் ஒன்று நிற்கும். கூட்டைப் பின்னால் பிடித்துக்கொள்வது அதுதான். சரி, கணக்குப் போடுங்கள். .270-இன் குண்டு விட்டமான 0.277-லிருந்து 0.308-க்குப் போனால் 11 சதவீதத்துக்கும் மேல் விரிவு. மிருதுவான பித்தளை சிரித்துக்கொண்டே போகும். பளபள நிக்கல் போகாது. முலாம் நீளவாக்கில் கீறும், அந்தக் கீறல் கூர்மையான வெட்டுக் காயம்போல் நின்றுகொண்டு முலாமுக்குக் கீழே இருக்கும் பித்தளைக்கும் வழிகாட்டும். நானும் பிடிவாதத்தில் ஒரு முறை செய்து பார்த்தேன். ஐந்து கூடுகளில் மூன்று வாயிலிருந்து தோள்வரை பிளந்தன. மீதி இரண்டையும் நம்பிச் சுட மனம் வரவில்லை. டையை, அதாவது கூட்டைத் திணித்து வடிவம் கொடுக்கும் எஃகு அச்சை, திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளிச் செதில்கள்.

அந்தச் செதில்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கல் டையைக் கீறிவிடும் என்று சொல்வார்கள். கடினமாக்கிய டை எஃகு நிக்கலைவிட இறுக்கமானது, நிக்கலால் அதை நேராகக் கீற முடியாது. நடப்பது வேறு. உரிந்த செதில் டையின் சுவரில் அப்பிக்கொள்ளும், அடுத்துப் போகிற கூடுகளை எல்லாம் அது கீறும். துப்பாக்கியின் அறை விஷயம் அப்படி இல்லை. குழல் எஃகு டை அளவுக்கு இறுக்கமானதல்ல, பளபள நிக்கல் அதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக்கூடும். உரிகிற முலாமை அறைக்குள் அனுப்பாதீர்கள்.

மூன்றாம் பை, .30-06. விசித்திரம் என்னவென்றால், இது .270-ஐவிட நிக்கலுக்குச் சாதகம். அதன் கழுத்து ஏற்கெனவே .308. பொய்த்தோள் நிறுத்த எதையும் விரிக்க வேண்டாம், .284-க்குச் சுருக்கினால் போதும். நொறுங்கும் பூச்சு இழுத்தால்தான் உடனே விரிசல் விடும், நெருக்கினால் ஓரளவு தாங்கும். விரிசலை வாய் பிளக்க வைப்பது இழுவிசை. ஆகவே திசை முக்கியம் என்று முதலிலேயே சொன்னேன். ஆனால் இதிலும் ஒரு குறை, .30-06 கூட்டின் நீளம் 2.494 தான், உங்கள் கழுத்து 0.046 அங்குலம் குட்டையாக நிற்கும். குண்டைப் பிடிக்கும் இடம் அந்த அளவு குறையும். அது சுடத் தகாததல்ல, ஆனால் அறையின் முன்பகுதியில் அந்த இடைவெளியில் கரி சேரும். அதைச் சுரண்டாமல் பிறகு முழு நீளக் கூட்டைப் போட்டால் வாய் இடிக்கும். போதாததற்குச் சுட்ட பிறகு தோள் முன்னால் நகர்வதில் சுவர் மெலிவது மஞ்சள் கூட்டுக்கும் வெள்ளைக் கூட்டுக்கும் ஒன்றுதான். மஞ்சள் கூடாக இருந்திருந்தால் 'செய்து பாருங்கள்' என்பேன். நிக்கலில், அதுவும் முதல் முறை செய்கிறவருக்கு, வேண்டாம்.

இதே அளவுகோலை வேறு காட்டுப்பூனைகளுக்கும் வைத்துப் பார்க்கலாம். .30-06-ஐ .35 வீலனாக விரிப்பவர்கள் கழுத்தை 16 சதவீதம் இழுக்கிறார்கள். நிக்கலோடு அந்தப் பக்கம் போகாதீர்கள். .308 வின்செஸ்டர் கூட்டை 7எம்எம்-08 ஆகச் சுருக்குவது வேறு கதை, அது நெருக்கும் திசை.

முதல் பைக்குத் திரும்புகிறேன், நீங்கள் செய்யப் போவது அது ஒன்றைத்தானே. தாய்த் தோட்டாவுக்குக் கையேட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள்ளேயே நின்றுகொள்ளுங்கள், அக்லிக்கான அளவை ஊதாத கூட்டில் போடாதீர்கள். அதே சமயம் 'பாதுகாப்பு' என்று நினைத்து மிகக் குறைத்தும் விடாதீர்கள். அழுத்தம் போதவில்லை என்றால் தோள் மூலை மழுங்கலாக, பாதி உப்பிய பூரிபோல் நிற்கும். கூடு முன்னால் தள்ளப்பட்ட இடத்திலேயே தங்கிக் குட்டையாகவும் போகலாம். கூட்டின் மேல் எண்ணெய் தடவிச் சுட்டால் வழுக்கிக்கொண்டு அழகாக உருவாகும் என்று சிலர் சொல்வார்கள். கூடு சுவரைப் பிடிக்காவிட்டால் அந்தச் சுமை முழுவதும் போல்ட்டின் தலையில் விழும். சுவரைப் பிடிப்பதில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று காட்டத்தான் அக்லி, வின்செஸ்டர் 94 ஒன்றில் பூட்டும் கட்டையையே கழற்றிவிட்டு .30-30 இம்ப்ரூவ்டைச் சுட்டுக் காட்டினார். அதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம். ஆனால் அதிலிருந்து கூட்டையும் அறையையும் உலர்வாக வைக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

குண்டே இல்லாமல், வேகமாக எரியும் மருந்துக்கு மேல் சோளமாவு அடைத்து ஊதும் முறை ஒன்றும் உண்டு. குழல் தேயாது, குண்டுச் செலவு மிச்சம். எனக்கு அதில் விருப்பமில்லை. மாவு எவ்வளவு அடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அழுத்தம் மாறும், கையேட்டில் பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை. அதற்குப் பதில் தண்ணீர் டை நல்லது. கூட்டைத் தண்ணீரால் நிரப்பி, டைக்குள் வைத்து, மேலே உள்ள தண்டைச் சுத்தியலால் அடித்தால் தோள் வெளியே வந்து நிற்கும். ஹார்னடி போன்றவர்கள் செய்து தருகிறார்கள். தோள் மூலை கத்தி முனைபோல் வராது, அடுத்து ஒரு முறை சுட்டால் சரியாகிவிடும். நிக்கல் கூட்டுக்கு இதில் ஒரு லாபம் உண்டு. முலாம் உரிவதாக இருந்தால் உங்கள் மேசையிலேயே உரிந்துவிடும், துப்பாக்கிக்குள் உரியாது.

ஊதிய பிறகு நீளம் அளந்து பாருங்கள். தோள் வெளியே போக உலோகம் எங்கிருந்தாவது வர வேண்டும் அல்லவா, கூடு பொதுவாகச் சற்றுக் குட்டையாகும். பிறகு சுடச்சுட வளரும், வாயைச் சீவ வேண்டி வரும். சீவினால் வாயில் மஞ்சள் வளையம் தெரியும், விளிம்பில் நிக்கல் பிசிறு ரம்பம்போல் நிற்கும். அதை உள்ளும் புறமும் வழித்து எடுக்காமல் குண்டைச் செருகினால் குண்டின் செம்பு உறையைக் கோடு போட்டுவிடும். சீவும் கத்தியும் சீக்கிரம் மழுங்கும். நிக்கலை அமிலத்தில் ஊறவைத்து எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். நைட்ரிக் அமிலம் நிக்கலைத் தின்னும்போது பித்தளையையும் சேர்த்தே தின்னும். சுவர் எங்கே எவ்வளவு மெலிந்தது என்று தெரியாத கூட்டில் 65,000 பிஎஸ்ஐ வைக்காதீர்கள்.

வெள்ளைக் கூடுகளையும் மஞ்சள் கூடுகளையும் ஒரே பெட்டியில் கலக்காதீர்கள். உள்ளளவு சற்றே வேறுபடலாம், கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடியும் வேறுபடும். ஒன்றுக்குப் பொருந்திய மருந்து அளவை இன்னொன்றுக்கு அப்படியே போடக் கூடாது, கீழிருந்து தொடங்க வேண்டும். நிக்கல் கூடுகளில் இருந்து நான்கைந்து முறைக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்பது என் அனுபவம், கழுத்துதான் முதலில் போகும். ஒவ்வொரு முறையும் சுட்ட பிறகு வெளிச்சத்தில் சாய்த்துத் தோளைப் பாருங்கள். சுற்றுவாக்கில் மயிரிழைக் கோடு இருந்தால் முலாம் கீறியிருக்கிறது. நீளவாக்கில் கழுத்தில் இருந்தால் கூடு முடிந்தது, இடுக்கியால் நசுக்கிப் பழைய பித்தளை டப்பாவில் போடுங்கள்.

உண்மையைச் சொன்னால், இத்தனை மெனக்கெடல் எதற்கு என்றும் ஒரு கேள்வி இருக்கிறது. .280 அக்லி முத்திரையோடே மஞ்சள் கூடுகள் இன்று கடையில் கிடைக்கின்றன, ஊதவே வேண்டாம். அக்லி காலத்தில் வேறு வழி இல்லாமல் ஊதினார்கள். நாம் ஊதுவது ஆசைக்குத்தான். ஆசை தப்பில்லை, முதல் கூடு அறையிலிருந்து கூர்மையான தோளோடு சுடச்சுட வெளியே வந்து விழுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. .280 பையை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். .270, .30-06 பைகளை அந்தந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மழையில் ஒரு வாரம் முகாம் போகிறவர்கள் ஆசையாக வாங்கிக்கொள்வார்கள்.

ஊதிய முதல் ஐந்தில் ஒன்றைத் தியாகம் செய்துவிடுங்கள். பிரைமரை எடுத்துவிட்டு, இரும்பு அறுக்கும் வாளால் நீளவாக்கில் இரண்டாக அறுத்து, ஓரத்தை அரத்தால் தேய்த்து, அடிக்குச் சற்று மேலே உட்சுவரைப் பாருங்கள். சுவர் அடியிலிருந்து மேலே ஒரே சீராக மெலிந்துகொண்டு போனால் அறை சரி. அங்கே நகத்தால் கீறியதுபோல் ஒரு பள்ளம் வளையமாகத் தெரிந்தால் மற்ற நான்கையும் சுடாதீர்கள். அறுக்க மனம் வராத கூடுகளுக்கு, பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி முனையைச் சற்று வளைத்து வாய் வழியாக உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி மெல்ல இழுங்கள். பள்ளம் இருந்தால் முனை அதில் தட்டும்.